கேள்விமுறையற்ற அதிகாரம்: பதினான்காம் லூயியின் வரலாறு

ஐரோப்பாவின் முடிமன்னர்கள் அதிகாரத்தை எவ்வாறு தேடிக்கொண்டார்கள், தேடிய அதிகாரத்தை எவ்வாறு செலவிட்டார்கள் என்பதை அறிய விரும்புவோர் நூறு ராஜாக்களின் சரித்திரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. பிரான்ஸ் தேசத்தை 1643 முதல் 1715 வரையில் ஆண்ட பதினான்காம் லூயி மன்னர் ஒருவருடைய வரலாற்றை ஊன்றிப் படித்தாலே போதும். அவர் சிம்மாசனத்தில் இருந்த காலம் 72 வருஷங்களுக்கும் மேலாகும். சூரியனைத் தமது சின்னமாகக் கொண்ட அவரை மகா லூயி என்று போற்றியவர்கள் உண்டு; பிரஜைகளைப் பிழிந்தெடுத்தவர் என்று தூற்றியவர்களும் உண்டு. போற்றவோ தூற்றவோ நாம் இங்கே புகவில்லை. ஒரு தேசத்தின் சகல அதிகாரமும் ஒரு மனிதருடைய கையில் எப்படி வந்து சேர்கிறது, சேர்ந்த பின்பு அந்த அதிகாரத்தின் கதி என்ன ஆகிறது என்பதே நமது விசாரணை.

லூயி 1638-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி பிறந்தார். அவருடைய பெற்றோருக்கு மணமாகி 22 வருஷங்களுக்கு மேலாகியும் பிள்ளைப் பேறில்லாமல் இருந்தபடியால், கடவுள் கொடுத்த குழந்தை என்றே அவருக்குப் பெயரிட்டார்கள். தகப்பனார் பதின்மூன்றாம் லூயி 1643-ம் வருஷம் மே மாதத்தில் காலமானபோது, பட்டத்துக்கு வந்த குழந்தைக்கு ஐந்து வயது கூட நிரம்பவில்லை. தாயார் ஆன் ராணி ராஜப் பிரதிநிதியானார். இத்தாலியில் பிறந்தவரான மஸாரின் என்ற கார்டினல் முதன் மந்திரியாக இருந்து காரியங்களை நடத்தினார்.

அந்த நாளில் பிரெஞ்சு மன்னரின் அதிகாரத்துக்கு மூன்று தடைகள் இருந்தன. முதலாவது, குருமார், பிரபுக்கள், பொது ஜனங்கள் ஆகிய மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகள் கூடும் மகாசபை. புது வரிகளுக்குச் சம்மதம் கேட்பதற்காக ஒரு காலத்தில் இதனைக் கூட்டி வந்தார்கள். ஆனால் 1614-ல் கூட்டப்பெற்ற சபை 1615-ல் கலைந்த பின்பு அதனை மீண்டும் கூட்டுவாரில்லை. இரண்டாவது, பாரிஸ் நகரத்து நியாய சபை. பிரெஞ்சு மொழியில் இதற்குப் பார்லெமாங் என்று பெயர். இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. இது ஒரு பெரிய நியாயஸ்தலம். ஆயினும் அரசர் பிறப்பிக்கும் சட்டத்தை இச்சபை தன் புத்தகத்தில் பதிவு செய்தால்தான் அது செல்லுபடியாகும் என்பது பழைய வழக்கம். பதிவதற்கு முன்பு ஆட்சேபங்களை எழுதியனுப்பும் உரிமையும் அதற்கு உண்டு. மூன்றாவது தடை, மாகாணங்களில் கோட்டையும் படையும் வைத்துக்கொண்டு சிற்றரசர்களைப் போல வாழ்ந்த பிரபுக்கள்.

சிறுவன் லூயிக்குப் பத்து வயது ஆகுமுன்பே இத்தடைகளின் பலத்தை அவர் நேரில் காணும்படி நேர்ந்தது. ஸ்பெயினோடு நடந்த நெடிய யுத்தத்துக்காக மஸாரின் வரிமேல் வரி விதித்தார். 1648-ல் பாரிஸ் நியாய சபையார் எதிர்த்து நின்றார்கள். நகரத்தார் வீதிகளில் தடுப்புகளை எழுப்பினார்கள். 1649-ம் வருஷம் ஜனவரியில், நடு இரவில், ராணியும் சிறுவனும் பாரிஸை விட்டு ஸெயின் ஜெர்மென் மாளிகைக்கு ஓட வேண்டியதாயிற்று. அங்கே தட்டுமுட்டுச் சாமான்கள் கூட இல்லை. அரண்மனையில் வளர்ந்தவர்கள் வைக்கோலைப் பரப்பிப் படுத்தார்கள். அதே மாதத்தின் இறுதியில் லூயியின் அத்தை கணவரான இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் சிரம் லண்டன் மாநகரில் துணிக்கப்பட்டது. பின்னர்ப் பிரபுக்களும் கலகத்தில் சேர்ந்துகொண்டார்கள். 1651-ம் வருஷம் பிப்ரவரியில், அரசரை மீண்டும் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்ற வதந்தியைக் கேட்ட பாரிஸ் ஜனங்கள் அரண்மனைக்குள்ளே புகுந்து, படுக்கையறை வரையில் வந்து பார்த்தார்கள். சிறுவன் கண்களை மூடித் தூங்குவதுபோல் கிடந்தான். பிரோந்து என்று சரித்திரக்காரர்கள் சொல்லும் இந்தக் கலகம் 1653-ல் அடங்கியது. கலகக்காரர்கள் தங்களுக்குள்ளே ஒற்றுமையில்லாமல் ஆளுக்கொரு லாபத்தை நாடியதே அது அடங்கியதற்கு முக்கிய காரணம். இந்த உண்மையை லூயி தம் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

மஸாரின் 1661-ம் வருஷம் மார்ச் மாதம் 9-ந் தேதி இறந்தார். அடுத்து முதன் மந்திரி யார் என்று அரண்மனையார் எதிர்பார்த்திருக்கையில், 22 வயதுள்ள அரசர் மறுநாளே மந்திரிகளைக் கூட்டி, இனி முதன் மந்திரி என்று ஒருவர் இல்லை, தமது உத்தரவின்றி ஒரு தாளிலும் கையெழுத்தோ முத்திரையோ விழக் கூடாது என்று தெரிவித்துவிட்டார். இளமை மோகம் சில மாதங்களில் தணிந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். அவர்கள் எண்ணம் பொய்த்தது. நாள்தோறும் குறித்த வேளையில் காரியங்களைப் பார்க்கும் நியமத்தை அவர் 54 வருஷம் கைவிடவில்லை. தமது உயர்ந்த ஆலோசனை சபையில் தாயாருக்கோ, தம்பிக்கோ, ராஜ வம்சத்தாருக்கோ அவர் இடங்கொடுக்கவில்லை. பெருங்குடியிற் பிறவாதவர்களையே அதிகமாகத் தேர்ந்தெடுத்தார். வர்த்தகக் குடும்பத்திலிருந்து வந்த கோல்பேர் இவர்களில் முதன்மையானவர். அரசரால் உயர்ந்தவர்கள் அரசரால் தாழவும் கூடும்; ஆகையால் அவர்களிடம் எதிர்ப்பு என்பது எழாது.

இந்தப் புதிய ஆட்சி எத்தகையது என்பதைப் பொக்கிஷ அதிகாரியாக இருந்த பூக்கே என்பவரின் கதி உலகத்துக்கு உணர்த்தியது. பூக்கே பெருந்தனவந்தர். 1661-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தமது புதிய மாளிகையில் அரசருக்கு ஆடம்பரமான விருந்தொன்று அளித்தார். மூன்று வாரங்களுக்குள் கைது செய்யப்பட்டார். ராஜாங்கப் பணத்தை அவர் கையாடினார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பொக்கிஷத்தில் கை நனையாதவர் அரிது. இதற்கென அமைத்த விசேஷ நீதிமன்றத்தில் விசாரணை மூன்று வருஷம் நடந்தது. நீதிபதிகளில் பெரும்பான்மையோர் நாடு கடத்தும் தண்டனையே போதும் என்று தீர்ப்பளித்தார்கள். அரசர் அந்தத் தீர்ப்பை ஆயுட்காலச் சிறையாக மாற்றினார். தண்டனையைக் குறைக்கும் கருணை அரசர்களுக்கு உண்டு என்று நாம் படித்திருக்கிறோம். நியாயாதிபதிகள் கொடுத்த தண்டனையை அரசர் தம் விருப்பப்படி கூட்டியதை இங்கே காண்கிறோம். பூக்கே 1680-ல் சிறையிலேயே மாண்டார்.

பிறகு தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. மகாசபையை அவர் ஒரு தடவையும் கூட்டவில்லை. நியாய சபைகள் சட்டத்தை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகுதான் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று 1673-ல் உத்தரவாயிற்று. நடந்து முடிந்த கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பது போன்ற உரிமை அது. மாகாணங்களுக்கு இன்டெண்டென்ட் என்ற உத்தியோகஸ்தர்களை அனுப்பினார். இவ்வுத்தியோகம் முன்னமே இருந்ததாயினும், அதனை நிலையானதாகவும் பலமுள்ளதாகவும் செய்தவர் இவரே. வரி, போலீஸ், நியாய பரிபாலனம் எல்லாவற்றிலும் தலையிடும் உரிமை இவர்களுக்கு இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நம் ஜில்லாக்களில் கலெக்டர் எவ்விதம் இருந்தாரோ ஏறக்குறைய அவ்விதமே என்று கொள்ளலாம். பழைய கவர்னர் பதவிகள் பிரபுக்களிடமே இருந்தன. அதிகாரம் மட்டும் அவற்றிலிருந்து கழன்றுவிட்டது. அரசரின் முத்திரையிட்ட கடிதம் ஒன்று போதும், எவரையும் விசாரணையின்றிச் சிறையிலிடலாம்.

வரிப் பளு யாருடைய தோளில் விழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். தலைமையான நேர் வரியிலிருந்து பிரபுக்களும் குருமாரும் பெரும்பாலும் விலக்குப் பெற்றிருந்தார்கள். உழுது பயிரிட்டவனே அதைச் செலுத்தினான். இதன் மேல் உப்பு வரி வேறு. பல மாகாணங்களில் குடும்பத்துக்கு இவ்வளவு உப்பை ராஜாங்கக் கிடங்கில் கட்டாயமாக வாங்கியே தீர வேண்டும் என்று விதியிருந்தது. உப்பு வரி ஏழையை எப்படி வாட்டும் என்பதை 1930-ல் தண்டியையும் வேதாரண்யத்தையும் கண்ட நாட்டாருக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஹாலந்து யுத்தத்தின் செலவுக்காக முத்திரைத்தாள் முதலியவற்றின் மேல் வரி விதித்தபோது, 1675-ல் பிரிட்டனி மாகாணத்தார் கலகம் செய்தார்கள். துருப்புகள் சென்று அதனை ஒடுக்கின.

இவை யாவும் பலாத்காரத்தின் வழிகள். லூயி கண்டுபிடித்த வேறொரு வழி இவற்றைக் காட்டிலும் நுட்பமானது. பாரிஸிலிருந்து பன்னிரண்டு மைல் தூரத்தில், வேட்டைக்காகத் தகப்பனார் கட்டிய ஒரு சிறு மாளிகை இருந்த வெர்சேல்ஸ் என்ற இடத்தில், அவர் மகத்தான அரண்மனை ஒன்றைக் கட்டுவித்தார். பல்லாயிரம் பேர் பல வருஷங்கள் உழைத்தார்கள். 1682-ம் வருஷம் மே மாதத்தில் ராஜ சபையும் அரசாங்கமும் அங்கே குடியேறின. தேசத்தின் பெரும் பிரபுக்களெல்லாம் அங்கே வந்து தங்க வேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று. வராதவருக்கு உத்தியோகம் இல்லை, உபகாரச் சம்பளம் இல்லை, பிள்ளைகளுக்கு நல்ல சம்பந்தமும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவருக்காக யாரேனும் சிபாரிசு செய்தால், அந்த மனிதரைத் தாம் கண்டதே இல்லை என்று அரசர் சொல்லிவிடுவாராம்.

அங்கே வந்தவர்களுக்கு என்ன வேலை? காலையில் அரசர் துயிலெழுவது ஒரு சடங்கு. யார் முதல் வரிசையில் உள்ளே நுழையலாம், யார் இரண்டாம் வரிசையில் நுழையலாம் என்பதற்கு முறை உண்டு. அரசருக்குச் சட்டையை எடுத்துக் கொடுக்கும் பெருமை, அங்கிருப்பவர்களில் மிக உயர்ந்த குலத்தாரைச் சேர்ந்தது. இரவில் அவர் படுக்கப் போகும்போது மெழுகுவர்த்தியைத் தாங்கி நிற்கும் பாக்கியம் அன்றைக்கு அரசர் யாரைக் குறிப்பிடுகிறாரோ அவருக்கே கிட்டும். யாருடைய பாட்டனார்கள் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு அரசரின் படைகளை எதிர்த்தார்களோ, அவர்கள் அந்த மெழுகுவர்த்திக்காக ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினார்கள். அரண்மனை வாசத்துக்குரிய உடையும் வண்டியும் சூதாட்டமும் அவர்களைக் கடனாளிகளாக்கின. கடனை அடைக்க மீண்டும் அரசரின் கையையே எதிர்பார்த்தார்கள். வாளால் ஒடுக்க வேண்டிய ஒரு வகுப்பை அவர் மரியாதைகளைப் பங்கிட்டே ஒடுக்கிவிட்டார். அவர்களை யாரும் சங்கிலியிட்டு இழுத்து வரவில்லை. தாங்களே வந்து வரிசையில் நின்றார்கள்.

லூயியின் ஆட்சியில் நன்மையே விளையவில்லை என்று சொல்வது அநியாயமாகும். கோல்பேர் கணக்குகளை ஒழுங்குபடுத்தினார், கைத்தொழில்களை ஆதரித்தார், அட்லாண்டிக் பக்கத்து நதியான கரோனை மத்தியதரைக் கடலோடு இணைக்கும் பெரிய கால்வாயை வெட்டுவித்தார். அங்கஹீனமடைந்த சிப்பாய்களுக்காகப் பாரிஸில் பெரிய விடுதி ஏற்பட்டது. மொலியேர், ரஸீன் முதலிய நாடகாசிரியர்கள் அரசரின் ஆதரவைப் பெற்றார்கள். கோல்பேர் 1664-ல் ஸ்தாபித்த கிழக்கிந்தியக் கம்பெனியே நமது சோழமண்டலக் கரைக்கும் வந்து, 1674-ல் பிரான்ஸுவா மார்த்தேன் என்பவர் மூலமாகப் புதுச்சேரியில் நிலைகொண்டது. லூயியின் யுத்தங்களும் அங்கே அக்கம்பெனியைப் பின்தொடர்ந்தன. ஐரோப்பாவில் அவரோடு போராடிய டச்சுக்காரர்கள் 1693-ல் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1697-ல் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கையால் அது பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. எங்கோ ஓர் அரண்மனையில் ஒருவர் கொண்ட ஆசைக்கு, இங்கே நெசவும் மீன்பிடியும் செய்து பிழைத்தவர்களின் கரை போர்க்களமாயிற்று.

தடுப்பார் இல்லாத அதிகாரம் முதலில் நாடுவது யுத்தத்தையே. லூயி நான்கு பெரிய யுத்தங்களை நடத்தினார். 1667-ல் தொடங்கியது முதலாவது. 1672 முதல் 1678 வரையில் ஹாலந்துடன் இரண்டாவது. 1688 முதல் 1697 வரையில் ஐரோப்பாவின் பெரும்பகுதியை எதிர்த்து மூன்றாவது. 1701 முதல் 1714 வரையில் ஸ்பெயின் தேசத்துப் பட்டத்துக்காக நான்காவது. லில், பிரான்ஷ் கோந்தே, ஸ்ட்ராஸ்பர்க் முதலிய பிரதேசங்களை அவர் சேர்த்துக்கொண்டது மெய்தான். ஆனால் 1689-ல் ஹைடல்பர்க், மன்ஹைம், ஸ்பையர், வோர்ம்ஸ் ஆகிய ஜெர்மானிய நகரங்களை அவருடைய படைகள் தீயிட்டதை அத்தேசத்தார் பல தலைமுறைகள் மறக்கவில்லை. 1690-களில் அவருடைய சேனையின் தொகை கணக்குப்படி ஏறக்குறைய 4 லட்சம் பேராக உயர்ந்தது. அதே சமயத்தில், 1693-லும் 1694-லும், விளைவு பொய்த்துப் பஞ்சம் உண்டாகி, பத்து லட்சம் பேருக்கு மேல் பிரான்ஸில் மாண்டார்கள்.

யுத்தத்துக்கு அடுத்தபடியாக, அதிகாரம் மனச்சாட்சியையும் ஆள விரும்பிற்று. லூயியின் பாட்டனார் நான்காம் ஹென்றி 1598-ல் நான்ட் நகரத்தில் பிறப்பித்த சாஸனத்தின்படி, ஹ்யூகெனாட்டுகள் என்ற புராடஸ்டண்டுகளுக்குத் தங்கள் மதத்தை அனுஷ்டிக்கும் உரிமை இருந்தது. ஒரே அரசர், ஒரே சட்டம், ஒரே மதம் என்ற கொள்கைக்கு அது இடையூறாகத் தோன்றியது. 1681 முதல் அவர்கள் வீடுகளில் குதிரைப் படையினரைத் தங்க வைத்து, மதம் மாறும் வரையில் துன்புறுத்தினார்கள். 1685-ம் வருஷம் அக்டோபரில் நான்ட் சாஸனமே ரத்தாயிற்று. நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்ற தடையையும் மீறிச் சுமார் 2 லட்சம் பேர் தப்பிச் சென்றார்கள். நெசவாளிகள், கடிகாரம் செய்பவர்கள், வியாபாரிகள், படைத் தலைவர்கள் எனப் பல திறத்தாரும் அவர்களில் இருந்தார்கள். ஹாலந்தும் இங்கிலாந்தும் பிராண்டன்பர்க்கும் அவர்களை வரவேற்றன. அரசர் தம் பகைவருக்குச் செய்த பேருதவி இது. இந்தக் காரியத்தில் அவருக்கு எதிராக வாய்திறக்க அருகில் ஒருவரும் இல்லை. பலர் கை தட்டினார்கள்.

இங்கே இங்கிலாந்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அக்காலத்தில் பிரான்ஸின் ஜனத்தொகை சுமார் 2 கோடி. இங்கிலாந்தின் ஜனத்தொகை சுமார் 50 லட்சம். 1688-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் ஓடிவந்து லூயியிடம் அடைக்கலம் புகுந்தார். அவருக்குப் பதிலாகப் பட்டத்துக்கு வந்த ஆரஞ்சு வில்லியம், பார்லிமெண்டின் சம்மதமின்றி வரி வாங்குவது சட்டவிரோதம் என்ற 1689-ம் வருஷத்து உரிமைச் சாஸனத்தை ஏற்றுக்கொண்டார். அதிகாரம் குறைந்த இந்த மன்னர் லூயியின் முன் நிற்க முடியாது என்று நினைப்பது இயல்பே. நடந்தது வேறு. பார்லிமெண்டு தானே வரியை வாக்களித்து அதனை ஈடாக வைத்தபடியால், பணக்காரர்கள் நம்பிக்கையுடன் கடன் கொடுத்தார்கள். 1694-ல் ஏற்பட்ட இங்கிலாந்து பாங்கு 12 லட்சம் பவுனை 8 சதவிகித வட்டிக்கு அரசாங்கத்துக்குக் கொடுத்தது. லூயியோ, கேட்பாரற்ற மன்னர் எந்த நேரமும் வாக்குத் தவறலாம் என்ற அச்சத்தால், அதிக வட்டிக்குக் கடன் வாங்கினார். உத்தியோகங்களை உற்பத்தி செய்து விற்றார். 1689-ல் வெர்சேல்ஸ் அரண்மனையின் வெள்ளி நாற்காலிகளையும் மேஜைகளையும் உருக்கினார். சம்மதம் கேட்ட அரசாங்கத்துக்குப் பணம் கிடைத்தது. சம்மதம் கேளாத அரசாங்கத்துக்குப் பாத்திரம்தான் மிஞ்சியது. இங்கிலாந்து அந்த நீதியைக் கடல் கடந்த தன் ஆதீனங்களுக்கு வழங்கவில்லை என்பது வேறு விஷயம். 1776-ல் அமெரிக்கரும், பிற்காலத்தில் நாமும் அதற்காகப் போராட வேண்டியிருந்தது.

1709-ம் வருஷம் லூயிக்கு மிகக் கடுமையான சோதனையாக வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் நதிகள் உறைந்தன, விதைத்த கோதுமை மண்ணிலேயே அழிந்தது, மீண்டும் பஞ்சம். யுத்தகளங்களில் தோல்வி மேல் தோல்வி. சமாதானம் வேண்டிய அரசரிடம், ஸ்பெயின் சிம்மாசனத்திலிருந்த அவருடைய சொந்தப் பேரனை அவரே படையனுப்பித் துரத்த வேண்டும் என்று எதிரிகள் நிபந்தனை கூறினார்கள். அப்போது லூயி செய்த காரியம் அவர் வாழ்நாளில் முன்பு செய்திராதது. ஜூன் மாதத்தில் மாகாண கவர்னர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, அதனை ஜனங்கள் அறியச் செய்தார். சமாதானத்துக்காகத் தாம் எவ்வளவு தூரம் இறங்கி வந்தார் என்பதையும், எதிரிகள் கேட்பது என்ன என்பதையும் விளக்கி, பிரஜைகளின் உதவியை நாடினார். எவரிடமும் காரணம் சொல்ல வேண்டாத மன்னர் குடியானவனுக்கும் காரணம் சொன்னார். தேசமும் அசைந்து கொடுத்தது. பட்டினியோடு யுத்தம் தொடர்ந்தது. 1713-ல் யூட்ரெக்ட் உடன்படிக்கையில் பேரனுடைய பட்டம் நிலைத்தது. ஜனங்களுடைய சம்மதத்தின் வலிமையை லூயி அறிந்துகொண்டபோது அவருக்கு வயது எழுபது. அறிந்த பின்பும் மகாசபையை அவர் கூட்டவில்லை.

வீட்டிலும் துக்கம் சூழ்ந்தது. 1711-ல் மகனும், 1712-ல் பேரனும், பேரனின் மனைவியும், அவர்களுடைய மூத்த குமாரனும் மாண்டார்கள். ஐந்து வயதுக் கொள்ளுப்பேரன் ஒருவனே வாரிசாக எஞ்சினான். கால் அழுகும் நோயால் படுத்த லூயி அந்தக் குழந்தையை அருகே அழைத்து, யுத்தத்திலும் கட்டடங்களிலும் தமக்கிருந்த ஆசையைப் பின்பற்ற வேண்டாம் என்றும், ஜனங்களின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்றும் புத்தி கூறினார். 1715-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ந் தேதி உயிர் நீத்தார். அவர் விட்டுப்போன கடன் 200 கோடி லிவருக்கு மேற்பட்டது. அவருடைய சவ ஊர்வலம் ஸெயின் டெனி கோயிலுக்குச் சென்ற வழியில் ஜனங்கள் ஏசினார்கள், பாடினார்கள், குடித்தார்கள்.

வக்கீல் தொழில் செய்வோருக்கு அதற்கடுத்த நாள் நடந்த சம்பவம் விசேஷமாகத் தோன்றும். லூயி தமது மரண சாஸனத்தில், ராஜப் பிரதிநிதியின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டியிருந்தார். ஆர்லியன்ஸ் பிரபு நேரே பாரிஸ் நியாய சபைக்குச் சென்றார். லூயி வாயடைத்து வைத்திருந்த அதே சபை அந்தச் சாஸனத்தைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிரதியாக, ஆட்சேபம் தெரிவிக்கும் தன் பழைய உரிமையை அந்த மாதத்திலேயே திரும்பப் பெற்றது. உயிரோடிருந்தபோது உலகத்தை நடுங்க வைத்த கையெழுத்து, கை விறைத்த மறுநாளே செல்லாக் காசாயிற்று. ஒரு மனிதரைச் சார்ந்திருக்கும் அதிகாரம் அந்த மனிதரோடு போய்விடுகிறது. கடன் போவதில்லை. அந்தக் கடனும் அதற்குமேல் வந்த கடன்களும் சேர்ந்து, 1789-ல் மகாசபையைக் கூட்டியே தீர வேண்டும் என்ற நிலைக்குப் பதினாறாம் லூயியைத் தள்ளின. 175 வருஷம் தூங்கிய சபை விழித்தபோது வரி யோசனையோடு நிற்கவில்லை. 1793-ம் வருஷம் ஜனவரியில் பதினாறாம் லூயியின் சிரம் வீழ்ந்தது. அதே வருஷம் அக்டோபரில் ஸெயின் டெனி கோயிலிலிருந்த பதினான்காம் லூயியின் கல்லறையையும் தோண்டினார்கள்.

ராஜ்யமே தாம் என்று லூயி சொன்னதாக ஒரு வழக்கு உண்டு. அதற்குத் தக்க சான்று இல்லை. சொல்லாவிட்டாலும், மற்றவர்கள் அவரை அவ்விதம் நடத்தினார்கள் என்பதுதான் நாம் கருத வேண்டிய விஷயம். நியாய சபையார் பதிவு செய்துகொண்டே வந்தார்கள், குருமார் ஆசீர்வதித்தார்கள், பிரபுக்கள் மெழுகுவர்த்தி தாங்கினார்கள். ஒவ்வொருவரும் தமக்குக் கிடைத்த சிறு லாபத்தைப் பார்த்தாரேயன்றி, கூடிக் கணக்குக் கேட்கும் பொது உரிமை கைநழுவுவதைப் பார்க்கவில்லை. முடிமன்னர்கள் மறைந்த தேசங்களிலும் இந்த மெழுகுவர்த்திக்கு ஆள் குறைவில்லை. வரியாகக் கொடுத்த பணம் என்னவாயிற்று என்று கேட்கச் சபை இருக்கிறதா, அந்தச் சபை தவறாமல் கூடுகிறதா, கூடினால் வாய் திறக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் பொது ஊழியத்தில் ஈடுபட்டோர் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிரெஞ்சு ஜனங்கள் அவற்றைக் கேளாமல் விட்ட காலத்துக்கு வட்டியும் முதலுமாக விலை கொடுத்தார்கள்.